நடுக்கட்டம்

புத்தாண்டுக்குத் திட்டம் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டம் போடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. போடுகிறவர் ஒருவர், செய்கிறவர் இன்னொருவர் என்று ஆகும்போதுதான் எரிச்சல்.

எல்லாம் என் நாத்தனார் ஐச்சூரோக் செய்த வேலை. டிசம்பர் கடைசி வாரம் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து எங்கள் ஊர் கரகோலுக்கு, தாய் வீட்டுக்கு, இரண்டு வயது மகன் எமிலோடு வந்து இறங்கினாள். கையில் பெட்டி ஒன்று, அக்குளில் சுருட்டிய வெள்ளைத் தாள் ஒன்று. பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். தாளைக் கொடுக்கவில்லை. அது கசங்கிவிடுமாம்.

அவள் நாற்பது நாள் இணையத்தில் ஏதோ பயிற்சி முடித்திருந்தாள். வருடத்தை அதன் போக்கில் விடக் கூடாது, என்ன வேண்டும் என்று மனதார முடிவு செய்து, படம் வெட்டி ஒட்டி, சுவரில் மாட்ட வேண்டும் என்று கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். தாளில் ஒன்பது கட்டங்கள். பணத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஜனவரி ஒன்றாம் தேதி மதியம் குடும்பம் முழுவதும் உட்கார்ந்து இதைச் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஒரு வாரமாக அதே பேச்சு.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஏனென்றால் என்னிடமும் ஒன்று இருந்தது. ஏப்ரன் பையில், கைபேசிக்குள்.

நான் நகரத்து மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். நடக்கத் தாமதமாகிற, ஒரு பக்கம் கை கால் விளங்காத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது. அம்மாக்கள் அந்தப் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு ஏழு மணி நேரம் வேனில் பிஷ்கெக் போகிறார்கள், அரை மணி நேரப் பயிற்சி முடித்து மறுபடி ஏழு மணி நேரம் திரும்பி வருகிறார்கள். அந்தப் பயிற்சியைக் கற்றுக்கொள்ள எனக்கு இடம் கிடைத்திருந்தது. பிஷ்கெக்கில், பிப்ரவரி முதல் ஏழு மாதம். நாற்பத்திரண்டு வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். எனக்கு நாற்பத்தொன்று முடிந்து நான்கு மாதம். ஒன்றாம் தேதி மாலை ஆறு மணிக்குள் ‘சம்மதம்’ என்ற இடத்தை அழுத்தியாக வேண்டும். புத்தாண்டு அன்று கெடு வைத்த அந்தப் புண்ணியவானை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே இடம் கிடைத்தது. வீட்டில் முன்கூட்டியே சொன்னேன். என் கணவரின் அண்ணன் மகளின் கல்யாணம் வந்தது. ‘கல்யாணம் முடியட்டும்’ என்றார்கள். கல்யாணம் முடிந்தது, இடமும் முடிந்தது. அதனால் இந்த முறை யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆளுக்கொரு ஆசை எழுதும்போது நானும் எழுதிவிடுவேன், எழுதி ஒட்டியதை யார் மறுக்க முடியும் என்று கணக்குப் போட்டேன். முட்டாள்தனமான கணக்கு.

ஒன்றாம் தேதி இரண்டு மணிக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் நாள் மிச்சமான சாலட், வறுத்த ஆட்டிறைச்சி, எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டு போர்சோக் ஒரு மலை, ஆரஞ்சுத் தோல் குப்பை. என் மகள் அக்மரால் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். பதினாறு வயதில் புத்தாண்டு இரவுக்கு மறுநாள் என்றால் சாயங்காலம்தான் விடியும். நான் கெட்டிலோடு மேசையின் ஓரத்தில், கதவுப் பக்கம். மருமகளுக்கு அதுதான் இடம். எங்களில் டீயை அரைக் கிண்ணத்துக்கு மேல் ஊற்றுவது மரியாதை இல்லை. அதனால் அரை அரையாக, ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை ஊற்ற வேண்டும். பதினேழு வருடமாக ஊற்றுகிறேன்.

ஐச்சூரோக் தாளை விரித்தாள். பழைய பத்திரிகைகள், கத்தரிக்கோல், பசை.

“மொதல்ல ரூல்ஸ் சொல்லிடறேன். நடந்து முடிஞ்ச மாதிரி எழுதணும். ‘வேணாம்’, ‘முடியாது’ன்னு எந்த வார்த்தையும் வரக்கூடாது. முக்கியமானது, எப்படி நடக்கும், யார் செய்வாங்கன்னு யோசிக்கவே கூடாது. அது பிரபஞ்சத்தோட வேலை.”

“பிரபஞ்சம் யாரு?” என்றார் மாமனார். அவருக்கு எழுபத்துநான்கு வயது, ஒரு காது மந்தம்.

“மேல இருக்குற சக்தி அப்பா.”

“அப்ப அல்லான்னு சொல்லேன்.”

மாமியார் முதலில் ஆரம்பித்தார். ஒரு பத்திரிகையில் மெத்தை வைத்த சோபா படத்தைத் தேடி வெட்டினார். “எழுதும்மா. நான் இந்த வருஷம் ஓய்வா இருக்கேன். முட்டி வலி இல்லாம, காலைல எட்டு மணி வரைக்கும் தூங்குறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. காலை ஐந்தரை மணிக்குப் பசு கறப்பது அவர். அவர் எட்டு மணி வரை தூங்கினால் பசு தன்னைத்தானே கறந்துகொள்ளுமா?

அடுத்து மாமனார். அவருக்கு வெள்ளைக் குதிரை படம். மே மாதம் எழுபத்தைந்து முடிகிறது. முந்நூறு பேரைக் கூப்பிட்டு விருந்து, குதிரை வெட்டிச் சமையல், மூன்று நாள். “என் ஜூபிலி சிறப்பா நடந்துச்சுன்னு போடு,” என்றார். முந்நூறு பேருக்கு மாவு பிசைவது யார் என்று நான் யோசிக்கக் கூடாது. அது விதி.

என் கணவர் குபாத் ஒரு மரவீட்டுப் படம் ஒட்டினார். ஜன்னலில் பூச்செடி, கூரையில் பனி. பனிச்சறுக்குக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு அறை வாடகைக்கு விடப்போகிறாராம். “காலைச் சாப்பாடோட. வீட்டுச் சாப்பாடுன்னா அவங்க உயிரை விடுவாங்க.”

“சமைக்கிறது?” என்று கேட்டே விட்டேன்.

“அண்ணி! எப்படின்னு கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல!” என்று ஐச்சூரோக் கத்தினாள். “நீங்க கேள்வி கேட்டா கதவு சாத்திக்கும்.”

அவளுடைய ஆசை நடுக்கட்டம் தவிர மிச்சமிருந்த ஐந்தையும் பிடித்துக்கொண்டது. இஸ்தான்புல், கடல், விமானம், பயணப்பெட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். மூன்று மாதம் தனியாக இருந்து தன்னைத் தேடிக் கண்டுபிடிக்கப் போகிறாள். எமில் அப்போது என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தான். அவனைத் தேடிக் கண்டுபிடிக்க யாருக்கும் சிரமம் இருக்காது, என் மடியிலேயேதான் இருப்பான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வீட்டில் பிரபஞ்சத்தின் பெயர் சல்கின். அதாவது நான்.

“ஐச்சூரோக், எனக்கும் ஒரு கட்டம்...” என்று ஆரம்பித்தேன்.

“டீ,” என்று மாமனார் கிண்ணத்தை நீட்டினார். ஊற்றினேன்.

“எனக்கு ஒரு கட்டம் வேணும்னு...”

“உங்களுக்கு இல்லாமலா அண்ணி! நடுக்கட்டமே உங்களுக்குத்தான். நீங்கதானே வீட்டோட மையம்!” என்று சொல்லிக்கொண்டே, போன கோடையில் ஏரிக்கரையில் எடுத்த குடும்பப் புகைப்படத்தை நடுக்கட்டத்தில் பசை தடவி ஒட்டினாள். அழுத்தித் தேய்த்தாள். கட்டம் நிறைந்துவிட்டது. அந்தப் படத்தை எடுத்ததே நான். அதில் நான் இல்லை.

“அதுல உன் அண்ணி இல்லையே?” என்றார் குபாத். கடவுளே, கவனித்துவிட்டார் என்று நினைத்தேன். “பரவால்ல, அவ நிழல் விழுந்திருக்கு பாரு,” என்று அவரே முடித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆட்டிறைச்சித் தட்டைக் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. யார் கூட்டுவது? நான்தான்.

மணி மூன்றே முக்கால். இன்னும் நேரம் இருக்கிறது, எல்லோரும் எழுந்த பிறகு குபாத்தைத் தனியாகப் பிடித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஐச்சூரோக் சொன்னாள், “அப்பா, இதுக்கு ஒரு பத்தா குடுங்க. அப்பதான் முழுசாகும்.”

பெரியவர் கையேந்தி ஒரு காரியத்துக்கு பத்தா, அதாவது ஆசி, கொடுத்துவிட்டார் என்றால் அதோடு சரி. சுற்றி உட்கார்ந்தவர்களும் கையேந்தி, ‘ஓமீன்’ சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டால் எல்லோருக்கும் அது சம்மதம். பிறகு மாற்றிப் பேசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதிலும் என் மாமனார் ரொம்பக் கண்டிப்பு. மேசையில் ஒரு கை ஏந்தாமல் இருந்தாலும் தொடங்க மாட்டார். ஏந்திய கையை நடுவில் இறக்கினால் கேட்டதெல்லாம் கொட்டிப்போகும் என்பார்.

அவர் தொண்டையைச் செருமி இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கினார். மாமியார் கைகள் எழுந்தன. குபாத், ஐச்சூரோக். எமில்கூடத் தன் குட்டிக் கைகளை விரித்தான். என் கைகளும் தாமாகவே கெட்டிலை விட்டு எழும்பப் பார்த்தன. பதினேழு வருடப் பழக்கம். நான் கெட்டிலின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“மருமகளே, கெட்டிலை வை,” என்றார் மாமனார்.

நான் வைக்கவில்லை.

“கையைத் தூக்கு,” என்று குபாத் முழங்கையால் இடித்தார்.

“தூக்க மாட்டேன்.”

“என்னது?”

“மாமா, நான் கையேந்தினா சம்மதிச்ச மாதிரி ஆயிடும். எனக்குச் சம்மதம் இல்ல.”

“நல்ல நாளும் அதுவுமா என்னடி இது!” என்றார் மாமியார். கைகள் மட்டும் விரித்தபடியே இருந்தன. யாரும் இறக்கவில்லை. இறக்க முடியாதே.

“எதுக்குச் சம்மதம் இல்ல? சுருக்கமாச் சொல்லு, எனக்குத் தோள்பட்டை சரியில்ல,” என்றார் மாமனார்.

சுருக்கமாகச் சொல்ல எனக்கு எங்கே வந்தது? பதினேழு வருடம் ஒன்றாக வந்தது. “அத்தை எட்டு மணி வரைக்கும் தூங்கட்டும், பாவம், முட்டி வலி. பசுவைக் கறக்கிறது யாரு? வெளிநாட்டுக்காரனுக்குக் காலைச் சாப்பாடு யாரு? முந்நூறு பேருக்கு மாவு? எமிலுக்கு மூணு மாசம் கஞ்சி? எல்லாத்துக்கும் ஒரே ஆளு. அந்த ஆளுக்கு ஒரு கட்டம் இல்ல. அந்த ஆளோட படம்கூட இல்ல!”

“அண்ணி, நீங்க ரொம்ப நெகட்டிவா...”

“நீ சும்மா இரு.”

“சரி, உனக்கு என்னதான் வேணும்?” என்று குபாத் கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்? வாயைத் திறந்தேன். “எனக்கு பிஷ்கெக்ல இடம் கிடைச்சிருக்கு. புள்ளைங்களுக்குப் பயிற்சி குடுக்கிற படிப்பு. பிப்ரவரிலேர்ந்து ஏழு மாசம். உங்களுக்கெல்லாம் வசதிப்பட்டா...”

அந்தக் கடைசி வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்ததும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. யார் சொல்லச் சொன்னார்கள் அதை? “இல்ல. வசதிப்படலைன்னாலும் போறேன். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும்.”

ஐந்து பேர் விரித்த கைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“பிஷ்கெக் எவ்வளவு தூரம் தெரியுமா?” என்றார் குபாத்.

அவர் பிழைப்பே கரகோலிலிருந்து பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டுவது. பதில் சொன்னது மாமியார்.

“வாரத்துக்கு மூணு தடவை போயிட்டு வர்றவன் கேக்குற கேள்வியாடா இது?”

“நான் வேலைக்குப் போறேன்மா.”

“அவ எதுக்குப் போறாளாம், வேடிக்கை பாக்கவா?” என்றவர் உடனே என் பக்கம் திரும்பினார். என்னை விட்டுவிடுவாரா? “நீயும்தான்! வாயில என்ன கொழுக்கட்டையா? இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“போன தடவை சொன்னேனே அத்தை. கல்யாணம் முடியட்டும்னீங்க.”

“அது கல்யாணம்.”

“இது ஜூபிலி. அடுத்த தடவை வேற ஏதாவது வரும். ஆனா எனக்கு வயசு தாண்டிடும். அப்புறம் அவங்க எடுக்க மாட்டாங்க. இதான் கடைசி அத்தை.” இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அழக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மாமியார் தன் விரித்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் முடிங்க, கை மரத்துப்போச்சு,” என்றார் மாமனார். “ஜூபிலிதானே? செப்டம்பர்ல வெச்சுக்கலாம். மே மாசம் கொண்டாடலைன்னா நான் என்ன பொறக்காமப் போயிடுவேனா?”

“செப்டம்பர் வரைக்கும் இருந்தா,” என்றார் மாமியார்.

“இருப்பேன். உன்னைத் தனியா விட்டுட்டு நிம்மதியாப் போக முடியுமா என்ன? அடுத்தது பசு. குபாத் கறக்கட்டும்.”

“நானா?” குபாத்தின் குரல் கீச்சிட்டது. “ஆம்பளை போய் பசு கறக்கிறதா? தெருவே சிரிக்கும்!”

“சிரிக்கட்டும். என் கை எனக்கு வலிக்குது.”

“நான் ரோட்டுல இருக்கிற நாள்ல?”

“அந்த மூணு நாள் அம்மா கறப்பா. பாக்கி நாள் தூங்குவா. பாதி ஓய்வாவது கிடைக்கட்டும்.”

“அப்ப என் இஸ்தான்புல்?” என்று ஐச்சூரோக் விம்மினாள். மூக்கு ஒழுகியது. கையை இறக்கித் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவள் புருஷனும் ஒழுங்கில்லாதவன், அவளுக்கும் மூச்சு விட ஓர் இடம் வேண்டும். ஆனால் என் மூச்சை எடுத்துக் கொடுக்க முடியுமா?

“உன் புள்ளையை உன்கூடக் கூட்டிட்டுப் போ. இல்லன்னா செப்டம்பர் வரைக்கும் இங்கயே இருந்து உன்னைத் தேடு,” என்றார் மாமியார். அவள் சரி என்று சொல்லவில்லை. அழுகையை நிறுத்தவும் இல்லை. அது இன்றுவரை தீராத மனத்தாங்கல்தான். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

குபாத் சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஏழு மாசமும் அம்மா வெக்கிற முட்டைகோஸ் சூப்புதான்,” என்று முணுமுணுத்தார். அதைத்தான் நான் அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் அவரிடமிருந்து வராது.

மாமியாரைப் பார்த்தேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் வாத நோயில் விரல் கோணிய அந்தக் கைகள் இன்னும் விரித்தபடியே இருந்தன. மாமனாருக்காவது கத்த முடிந்தது; இவர் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போதும் என்று எனக்குத் தோன்றியது. கெட்டிலைக் கீழே வைத்தேன். கைகளை விரித்தேன்.

மாமனார் ஒரு பெருமூச்சு விட்டு, இருக்கிற மூச்சில் வேகவேகமாகச் சொல்லி முடித்தார். வீட்டில் நோய் வரக் கூடாது, கால்நடை பெருக வேண்டும், குபாத் பசு கறக்கக் கற்க வேண்டும், ஐச்சூரோக் தேடுவது கிடைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் நிறுத்தினார். “சல்கின் போற பாதை வெள்ளையா, இடைஞ்சல் இல்லாம இருக்கட்டும். அவ கையால நம்ம ஊர்ப் புள்ளைங்க எந்திரிச்சு நடக்கட்டும். ஓமீன்.”

“ஓமீன்,” என்றோம். எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். நான் தடவியபோது முகம் ஈரமாக இருந்தது. மாமனார் உடனே தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார். குபாத் எழுந்து வெளியே போனார், சிகரெட்டுக்கு.

மாமியார் காலிக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். “மருமகளே, டீ.”

என் கை கெட்டிலுக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தினேன். “ஒரு நிமிஷம் அத்தை,” என்று சொல்லிவிட்டு ஏப்ரன் பையிலிருந்து கைபேசியை எடுத்தேன். ‘சம்மதம்’ என்ற இடத்தை அழுத்தினேன். நாடே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரம், இணைப்பு இழுத்துக்கொண்டு கிடந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்ன ஆச்சு?”

“இன்னும் போகலை. சுத்திக்கிட்டே இருக்கு. நீங்க குடிங்க அத்தை, நான் அப்புறமா...”

“சுத்தட்டும். நான் இருக்கேன்,” என்றார்.

கிண்ணத்தை மேசையில் வைக்காமல், நீட்டியபடியே பிடித்துக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்த்தேன், அவரும் எட்டித் திரையைப் பார்த்தார்.

“போயிடுச்சு,” என்றேன்.

“அப்ப ஊத்து,” என்றார்.